பெற்ற மகளும் ஊர்ப் பேச்சும்

ஆனைக்குட்டத்திலும் சுற்றியுள்ள பட்டாசுக் கிராமங்களிலும் ஒரு வீட்டுப் பெண் பொழுது சாய்ந்தும் வேலையிலிருந்து திரும்பவில்லை என்றால், பெற்றவர் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு அல்ல; நம் கிளைச் செயலாளர் வீட்டுத் திண்ணைக்கு. “அண்ணாச்சி, பிள்ளையைக் காணோம். நீங்க ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லணும்” என்பார். பெண் ஒரு வாலிபனோடு போயிருக்கிறாள் என்றால் நம் தோழருக்குச் செய்ய வேண்டியது தெரியும். இருவருக்கும் வயது வந்துவிட்டதா என்று பார்ப்பார். வந்திருந்தால், ஜாதி வேறாயினும் சரி, மாலை வாங்கி வரச் சொல்லுவார். ஸ்டேஷனில் நின்று எழுதிக் கொடுத்து அழைத்து வருவார். இந்தப் பழக்கம் நம் தோழர்களுக்கு ஒரு நாளில் வந்ததல்ல. இரண்டு மூன்று தலைமுறை வசவு வாங்கிப் படித்த பாடம் இது.

ஆனால் போன பெண், இன்னொரு பெண்ணோடு போயிருக்கிறாள் என்றால்? “எனக்கு இவள்தான், இவளோடுதான் இருப்பேன்” என்று சொல்லுகிறாள் என்றால்? அங்கே நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தகப்பனார் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார். தாயார் கோடங்கி வீட்டுக்கு நடக்கிறார். ஸ்டேஷன்காரர், “பெரியவங்க பார்த்துப் புத்தி சொல்லுங்க” என்று பெண்ணை வண்டியில் ஏற்றி விடுகிறார். நம் தோழரும் அந்த வண்டியில் ஏறி உட்காருவது தகுமா என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. முகம் சுளிப்பவர்கள் சுளித்துவிட்டு மேலே படிக்கட்டும்.

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் சென்னையில் ஒரு திருமணம் நடந்தது. மணமக்கள் இருவரும் பெண்கள். ஒருவர் சுபிக்ஷா சுப்பிரமணி. கனடா நாட்டில் கல்கரி நகரத்தில் குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பத்துப் பெண். மற்றவர் டினா தாஸ். வங்காள தேசத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பெண். மகளைத் தகப்பனார் மடியில் அமர்த்தி, மாலை மாற்றி, தங்கள் குல வழக்கப்படியே நடத்தினார்கள். சடங்குகளைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் ஊரறிந்தது; இன்று அது வழக்கல்ல. நாம் பார்ப்பது வேறு. கனடாவில் 2005 முதலே இரு பெண்கள் மணந்துகொள்ளச் சட்டம் இருக்கிறது. இந்தியச் சட்டத்தின் முன் அந்தச் சென்னைத் திருமணத்துக்குச் செல்லாக் காசின் மதிப்புக்கூட இல்லை. அப்படியிருந்தும் கடல் தாண்டி இங்கே வந்து நடத்தினார்களே, எதற்காக? சர்க்கார் முத்திரை கல்கரியிலேயே கிடைக்கும். உற்றாரும் உறவினரும் பந்தியில் உட்கார்ந்து கை நனைக்கிறார்களே, அந்தச் சம்மதம் அங்கே எந்த ஆபீசிலும் கிடைக்காது.

அந்தச் சம்மதம் சும்மாவும் வந்துவிடவில்லை. மகள் தன் மனதைத் திறந்து சொன்ன நாளுக்கும் மணமேடைக்கும் நடுவே ஆண்டுகள் பல ஓடின. சொந்த ஊரில் உள்ள உறவினர் நம்மை அறுத்து விடுவார்களோ என்ற அச்சம் தாயாருக்கு இருந்ததாக அப்போதே செய்தித்தாள்களில் வந்தது. டினா தாஸின் கதை இன்னும் கடுமையானது. மகளுக்கு ஏதோ நோய், கல்யாணம் செய்து வைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்து, முதலில் அவரை ஓர் ஆணுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தீரவில்லை. எப்படித் தீரும்? இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து அல்லவா அது!

அதே ஆண்டில், சரியாக மூன்று மாதத்துக்கு முன், மே 31-ஆம் நாள், கேரள ஹைகோர்ட்டில் இன்னொரு காட்சி. ஆதிலா நஸ்ரின், பாத்திமா நூரா என்ற இரு பெண்கள். பிழைப்புக்காக சவூதி அரேபியாவுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள். அங்கே பள்ளிக்கூடத்தில் பழகியவர்கள். விஷயம் தெரிந்ததும் இரு வீடுகளும் கொதித்தன. பெண்கள் சேர்ந்து வாழ முயன்றபோது ஒருவரை அவர் வீட்டார் பிடித்து இழுத்துச் சென்றார்கள். மற்றவர் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டியதாயிற்று. வயது வந்த இரு பெண்கள் விரும்பிச் சேர்ந்து வாழ்வதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று கோர்ட்டு அவர்களைச் சேர்த்து அனுப்பியது. இரண்டும் பிழைக்கப் போன வீடுகளின் கதைதான். ஒன்றில் மகள் தகப்பனார் மடியில் உட்கார்ந்தாள். மற்றொன்றில் நீதிபதி முன் நின்றாள். மகளின் குணத்தில் இல்லை இந்த வித்தியாசம். வீட்டின் குணத்தில் இருக்கிறது.

பிழைக்கப் போகிற வீடு நம் வட்டாரத்துக்குப் புதிதா? 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறி, தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததால்தான் இந்தக் கரிசல் காட்டில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ வந்தது. பின்னால் ‘பயர் ஆபீஸ்’ வந்தது. அதற்கும் முன்பே கண்டிச் சீமைக்கும், ரங்கூனுக்கும், பினாங்குக்கும் கப்பலேறியவர்கள் நம் பாட்டன்மார். இன்று திருப்பூருக்கும், சிங்கப்பூருக்கும், துபாய்க்கும் போகிறார்கள். வெளியூர் போகிறவன் இரண்டு பெட்டி தூக்கிப் போகிறான். ஒன்றில் துணிமணி, மற்றொன்றில் தான் புறப்பட்ட நாளில் ஊர் எப்படி இருந்ததோ அந்த ஊர். துணி கிழிந்து புதிது வாங்குகிறான். இரண்டாவது பெட்டியை மட்டும் திறப்பதே இல்லை. ஊரில் உள்ளவன் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறான். அடுத்த தெருப் பெண் வேறு ஜாதியில் கட்டிக்கொண்டதைப் பார்த்துப் பழகிவிடுகிறான். கடல் கடந்தவனோ முப்பது வருஷத்துக்கு முந்திய ஊருக்கே இன்னும் பயந்து கொண்டிருக்கிறான். அந்தப் பயத்துக்கு இப்போது வாட்ஸ்ஆப் என்று ஒரு காவல்காரனும் வந்து சேர்ந்திருக்கிறான். கல்கரியில் மகள் தலைமுடியை வெட்டிக்கொண்டால், சாயங்காலத்துக்குள் விருதுநகர்ச் சித்தப்பாவுக்குப் படம் வந்துவிடுகிறது.

அந்நிய நாட்டில் இருக்கிற தாய் தகப்பனின் கஷ்டத்தை நாம் லேசாக நினைக்கவில்லை. நிறம் வேறு, பாஷை வேறு. வேலையில் ஒரு அவமானம், வாடகைக்கு வீடு தேடினால் ஓர் அவமானம். இத்தனைக்கும் நடுவே, “நாங்கள் மானத்தோடு வாழ்கிற குடும்பம்” என்ற ஒரு பிடிமானம்தான் மிச்சம். அதை மகள் தட்டிப் பறித்துவிட்டாள் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால், “நிறத்தைப் பார்த்து என்னைத் தள்ளாதே” என்று வெளியே கேட்கிறவர், வீட்டுக்குள் வந்ததும் பெற்ற மகளை அதே பாணியில் தள்ளலாமா? கூலியில் சமத்துவம் கேட்கிற தொழிலாளிக்கும் இதே கேள்வியை வைக்கிறோம்.

“இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, கான்வென்டுப் படிப்பால் வந்தது” என்று சொல்லுகிறவர்கள் நம் கூட்டத்திலும் உண்டு. ஒடிசாவில் ஒரு நெசவாளி வீட்டுப் பெண் தூத்தி சந்த். நூறு மீட்டர் ஓட்டத்தில் தேசத்தின் சாதனையை எழுதியவர். தம் ஊர்ப் பெண் ஒருவரோடு தமக்குள்ள உறவை 2019 மே மாதம் வெளிப்படையாகச் சொன்னார். வீட்டார் உடனே ஏற்கவில்லை, ஊரிலும் முணுமுணுப்பு. அந்தத் தறி வீட்டில் எந்தக் கான்வென்டு இருந்தது? மதுரையிலிருந்து இரு இளம் பெண்கள் சென்னைக்கு ஓடி வந்து 2021-இல் ஹைகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டார்களே, அவர்களை எந்த மேல்நாடு கெடுத்தது? உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல், இது நோயல்ல என்று சொல்லிவிட்டது. வைத்தியர்களே கைவிட்ட நோயை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

இதற்குப் பேர்கூட நம்மிடம் இல்லை, வசவுதான் இருக்கிறது என்பார்கள். அதுவும் தீர்ந்தது. கோர்ட்டு சொன்னதன் பேரில் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் ஒரு சொல் பட்டியலையே கெஜட்டில் வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பு’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. பெண்ணை விரும்பும் பெண்ணைச் சுட்ட, கேட்டால் காது கூசாத சொல். டீக்கடை பெஞ்சிலும் அதையே சொல்லலாம்.

இனிப் பெற்றவர் பக்கம் வருவோம். அவர் மனதில் உள்ளது வெறும் வெறுப்பு என்று நாம் நினைக்கவில்லை. அங்கே ஒரு கணக்கு ஓடுகிறது. நம் பகுதித் தகப்பனார் வீட்டில் ஒரு மொய் நோட்டு இருக்கும். இருபது வருஷமாகத் தமக்கு வந்த பத்திரிகை ஒவ்வொன்றுக்கும், வாரச் சம்பளத்தில் பிடித்தும் கடன் வாங்கியும், ஐநூறும் ஆயிரமும் எழுதியிருக்கிறார். மைத்துனர் வீட்டுச் செய்முறைக்கு அண்டாவும் ஆடும் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். அத்தனையும் மூத்த மகள் கல்யாணத்தன்று பந்தலுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். அந்தப் பணத்தை நம்பித்தான் நகைக் கடன், அந்த நகையை நம்பித்தான் இளையவள் கல்யாணம். மகள் “எனக்கு மாப்பிள்ளை வேண்டாம்” என்று சொல்லும்போது, தகப்பனார் காதில் இந்தக் கணக்கு முழுவதும் சரிகிற சத்தம் கேட்கிறது. ஊர் மானம் என்று அவர் வாய் சொல்லுகிறது. பாதி மானம் அந்த நோட்டில் இருக்கிறது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உழைப்பவன் கணக்குப் பார்க்காமல் எப்படிப் பிழைப்பான்? ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்கிறோம். காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் பந்தல் போட்டு, மைக் கட்டி மொய் வாங்குகிற ஊர் நம் ஊர். மொய் திரும்பி வர மகளைத்தான் பலி கொடுக்க வேண்டுமென்று எந்த நோட்டில் எழுதியிருக்கிறது? பயர் ஆபீஸில் பத்து வருஷம் திரி வைத்தும், பெட்டி ஒட்டியும், குழுக் கடன் கட்டியும் அந்த வீட்டைத் தாங்கியவள் அந்த மகள். அவள் கொண்டு வந்த சனிக்கிழமைச் சம்பளத்தில் குற்றம் காணாதவர்கள், அவள் யாரோடு வாழ்வாள் என்பதில் மட்டும் குற்றம் காண்கிறார்கள்.

அடுத்த அச்சம், “இளையவளை யார் கட்டுவான்?” இதுதான் உண்மையிலேயே கனமானது. இதற்கு மேடைப் பேச்சு பதிலாகாது. விதவைக்கு மறுமணம் செய்து வைத்த வீட்டுக்கும் இதையே சொன்னார்கள். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பிய வீட்டுக்கும் சொன்னார்கள். கலப்பு மணம் செய்த வீட்டுக்கு இன்றும் சொல்லுகிறார்கள். அந்த வீடுகளில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் அன்று முன்வந்தவர்கள் இயக்கத்தார். அதனால்தான் அந்த அச்சம் கொஞ்சமாவது உடைந்தது. தன்பாலீர்ப்புள்ள மகளை ஏற்றுக்கொண்ட ஒரு வீட்டின் இளைய பெண்ணை, “என் மகனுக்குக் கேட்கிறேன்” என்று போய்க் கேட்க வேண்டியவர் யார்? கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிற நாம்தான். அதைச் செய்யாமல், பெற்றவரைப் பார்த்து “தைரியமாயிரும்” என்று சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

ஏற்காவிட்டால் என்ன செய்வார்கள்? இரண்டு வழிதான் காண்கிறார்கள். ஒன்று, பிடித்துக் கட்டி வைப்பது. மாப்பிள்ளையாக வருகிறவனும் ஒரு தொழிலாளியின் மகன்தானே? மனம் ஒட்டாதவளைத் தன் தலையில் கட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. இரண்டு வாழ்க்கையைக் கெடுத்து, மூன்றாவதாக ஒரு குழந்தையையும் அதில் இழுத்துப் போடுகிறார்கள். மற்றொன்று, மதுரைப் பெண்களின் வழக்கில் பெற்றவர்கள் சொன்னது. மகள் இப்படி ஒரு துணையோடு வாழ்வதைவிட, கடைசி வரை தனிக்கட்டையாக, துறவி மாதிரி இருந்துவிட்டால் அதுவே கௌரவம் என்று அவர்கள் எண்ணியது கோர்ட்டுக் குறிப்பிலேயே பதிந்திருக்கிறது. மகள் பட்டுப்போன மரமாக நிற்கட்டும், எங்கள் வாசலில் பேச்சு வராதிருந்தால் போதும் என்பது அதன் பொருள். பெற்ற வயிறு அப்படி நினைக்குமா என்று கேட்கக் கூடாது. ஊர்ப் பேச்சு நினைக்க வைக்கிறது. 2008 மே மாதம், சென்னையில், நாற்பதை ஒட்டிய வயதுள்ள இரு பெண்கள், வீட்டார் தங்களைப் பிரிப்பதைத் தாங்காமல் ஒன்றாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஊர் அன்றும் பேசிற்று. இரண்டு நாள் பேசிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

மதுரைப் பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்தது நம் கவனத்துக்குரியது. இந்த விஷயம் தமக்கு முழுதாகப் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு தாமே அந்த ஆலோசகர் முன் மாணவனைப் போல உட்கார்ந்து கேட்டறிந்தார். அதன்பின்தான் 2021 ஜூன் 7-ஆம் நாள் உத்தரவு எழுதினார். ஹைகோர்ட்டு ஜட்ஜ் ஒருவர் பாடம் கேட்க உட்காரலாம் என்றால், வட்டச் செயலாளருக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கும் என்ன குறைந்துவிடும்?

அந்த உத்தரவில் நம் தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. பெண்ணைக் காணோம் என்று புகார் வந்து, விசாரித்ததில் அவர்கள் வயது வந்து, விரும்பிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் என்று தெரிந்தால், போலீசார் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லி வைத்தியம் பார்ப்பதும் கூடாது. 2022-இல் மாநில அரசு, போலீசார் நடத்தை விதிகளிலேயே, இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சேர்த்தது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், இப்படி ‘மாற்றும்’ சிகிச்சையை டாக்டரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆக, மந்திரிக்கிறேன் என்கிற கோடங்கிக்கும் மாத்திரை தருகிறேன் என்கிற டாக்டருக்கும் நடுவே பெண்ணை இழுத்தடிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

விதி இருந்தும் நடப்பது என்ன? வேலூர்ப் பக்கத்து 25 வயதுப் பெண் ஒருவரின் வழக்கைப் பாருங்கள். தோழியோடு இருந்தவரைப் போலீசார் வற்புறுத்திப் பெற்றோரோடு அனுப்பினார்கள். வீட்டில் தம்மை அடித்ததாகவும், ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்ய வைத்ததாகவும் அவர் கோர்ட்டில் சொன்னார். 2025 மே 22-ஆம் நாள் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை விடுதலை செய்தார்கள். போலீசாரின் போக்கைக் கண்டித்தார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்பதில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள். அந்தத் தீர்ப்பில் லீலா சேத் என்ற அம்மையாரின் பேர் வருகிறது. இந்தியாவில் ஒரு ஹைகோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண் அவர். எழுத்தாளரான தம் மகன் விக்ரம் சேத் தன்பாலீர்ப்புள்ளவர் என்பதை ஏற்று, மகனுக்காக ஊரறிய எழுதியவர். எல்லாத் தாயாரும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்ற பொருளில் நீதிபதிகள் அவரைக் குறிப்பிட்டார்கள். ஆனாலும் பெரிய இடத்து அம்மையாருக்கு மட்டுமே அது வாய்க்கும் என்று விட்டுவிட நமக்கு மனமில்லை. 2023 ஏப்ரலில், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற 400-க்கும் மேற்பட்ட பெற்றோர், ‘ஸ்வீகார்’ என்ற தங்கள் சங்கத்தின் பேரில் சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாண உரிமை வேண்டும், நாங்கள் கண் மூடுவதற்குள் அதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-இல் 377-ஆவது பிரிவின் கொடுமையை நீக்கியது, குற்றம் போயிற்று. ஆனால் 2023 அக்டோபர் 17-இல், கல்யாண உரிமை தர எங்களால் ஆகாது, அது சட்டமன்றங்களின் வேலை என்று சொல்லிவிட்டது. நேபாளத்தில் அதே 2023-இல் முதல் பதிவு நடந்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் சட்டமே அமலுக்கு வந்தது. நம் நாட்டில் இந்தப் பெண்களுக்கு இருப்பது குடும்பத்தின் சம்மதம் ஒன்றுதான். அதனாலேயே அது இத்தனை விலை உயர்ந்ததாகிறது.

பட்டாசு வட்டாரத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியை இங்கே யார் மறந்தார்? மருந்து அறை வெடித்தால் முதலில் ஆம்புலன்ஸ் வருகிறது. பிறகு தாசில்தார் வருகிறார். பிறகு வாரிசுச் சான்றிதழ் வருகிறது. இரு பெண்கள் ஒரே வாடகை வீட்டில், ஒரே அடுப்பில் பதினைந்து வருஷம் சேர்ந்து உண்டவர்கள் என்று வையுங்கள். அதில் ஒருத்தி தீயில் போனால், மற்றவள் பேர் அந்தச் சான்றிதழில் இராது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட அவளை விடமாட்டார்கள். பிணத்தைக்கூட வாங்க முடியாது. நிவாரணப் பணம், அவளை வீட்டை விட்டுத் துரத்தினவர்கள் கையில் போய்ச் சேரும். இதையெல்லாம் தடுக்கக் கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு: “இவளும் என் மகள் மாதிரி, இவள் கையெழுத்துப் போடட்டும்” என்று அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொல்லுகிற தகப்பனார்.

சட்டம் இல்லாதபோது யார் நின்றார்கள் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில், 1928-இல், பெரியார் முன்னிலையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டத்து மண் அது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. சட்டத்தின் ஆதரவும் இல்லை. 1953-இல் ஹைகோர்ட்டே இத்தகைய திருமணம் செல்லாது என்றது. அப்படி மணந்த பெண்களை ஊர் என்ன பேர் சொல்லி அழைத்தது, அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு என்ன பட்டம் கட்டியது என்பது மூத்த தோழர்களுக்குத் தெரியும். அண்ணா முதலமைச்சராயிருந்த 1967-இல்தான் சட்டம் வந்தது. பழைய திருமணங்களும் செல்லும் என்று அது சொல்லிற்று. நடுவே முப்பத்தொன்பது ஆண்டுகள்! அத்தனை காலமும் அந்தத் தம்பதிகளுக்குப் பத்திரமாக இருந்தது எது? சாட்சிக் கையெழுத்துப் போட்ட தோழர்களும், வசவைத் தாங்கி வாசற்கதவைத் திறந்து வைத்த சில தாய் தகப்பன்மாரும்தான்.

அன்று வாலிபனோடு போன பெண்ணுக்குச் சொன்ன நியாயத்தை இன்று இவளுக்கும் சொல்லுவதில் என்ன தடை? வயது வந்ததா, மனம் ஒப்பியதா என்ற இரண்டு கேள்விக்கு மேல் மூன்றாவது கேள்வி கேட்க நமக்கு அதிகாரம் இல்லை. பெண்ணைப் பிடித்து வந்து ஒப்படைக்கிற வேலை நம் தோழர்களுடையது அல்ல. பெற்றவரிடம் போய்ப் பேசுகிற வேலை நம்முடையது. ஒரு நாளில் அவர் மனம் இளகாது; கல்கரியிலேயே ஆண்டுகள் ஆயின. வாரம் ஒரு முறை போய் உட்காருங்கள். தாயாரைத் தனியே பார்த்து நம் வீட்டுப் பெண்கள் பேசட்டும். பிள்ளை சுகமாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், சாப்பிட்டாள் என்ற தகவலையாவது கொண்டு போய்ச் சேருங்கள். ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிற தகப்பனார்கூட, மகள் சாப்பிட்டாளா என்று கேட்காமல் இருப்பதில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

சர்க்காரிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. கல்யாணச் சட்டம் டில்லியில் இருந்து வரும் வரை, இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் ‘குடும்ப உறவு ஒப்பந்தம்’ ஒன்றைப் பதிவு செய்துகொள்ள மாநில அரசே வழி செய்யலாம் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023-இல் யோசனை சொன்னார். 1967-இல் இந்தியாவுக்கே வழி காட்டிய மாநிலத்துக்கு இது பெரிய காரியமல்ல. விபத்து நிவாரணத்துக்கும் ஆஸ்பத்திரிக் கையெழுத்துக்கும் அந்த ஒப்பந்தம் செல்லும்படியாக இருக்க வேண்டும் என்று பட்டாசுத் தொழிலாளர் சங்கங்கள் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னொன்று, கையில் இருப்பதையே வாங்காமல் இருக்கிறோம். இப்படிச் சேர்ந்து வாழ்கிற இருவரையும் ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கொள்ள வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2024-இல் மாநிலங்களுக்கு எழுதியது. பாங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று அதே ஆண்டில் தெளிவுபடுத்தியது. சிவகாசியிலும் விருதுநகரிலும் உள்ள வட்ட வழங்கல் அலுவலகங்களுக்கு இந்த உத்தரவு வந்து சேர்ந்திருக்கிறதா, மேஜையில் இருப்பவருக்கு அது தெரியுமா என்று நம் கிளைத் தோழர்கள் இந்த வாரமே போய் விசாரிக்கட்டும். தெரியாது என்றால், நகல் எடுத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வரட்டும்.